தீக்குச்சி தற்செயலாகப் பிறந்ததா?

பதிவு 1 — வைப்பாற்றங்கரை

அன்றாடப் பொருள்கள் தோன்றிய விதத்தைச் சொல்லும் கதைகளில் தீக்குச்சியின் கதை அடிக்கடி என் கண்ணில் படுகிறது. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஒரு கலவையைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தார்; கலவை குச்சியின் நுனியில் ஒட்டிக் காய்ந்துவிட்டது; அதைத் தேய்த்து அகற்றலாம் என்று கணப்படுப்பின் கல்லில் உரசினார்; குச்சி பற்றிக்கொண்டது. நான்கு வரியில் கதை முடிந்துவிடுகிறது. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட ஊரொன்றில், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் தீப்பெட்டி வேலை நடந்த காலத்தில் வளர்ந்தவன் நான். அந்த நான்கு வரிகளைப் படிக்கும்போதெல்லாம் முக்கியமான ஏதோ விடுபட்டுப்போனதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மருந்துக்கடைக்காரரின் பெயர் ஜான் வாக்கர். 1781-இல் பிறந்தவர். வட இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்னும் ஊரில் கடை வைத்திருந்தார். அறுவை மருத்துவத்திற்குப் பயிற்சி பெற்றிருந்தும், உடலில் கத்தி வைப்பதைத் தாங்கும் மனம் இல்லாமல் அந்தத் தொழிலை விட்டு மருந்து விற்க வந்தவர். 1826-இல் உரசினால் பற்றும் குச்சியைக் கண்டறிந்தார் என்பதும், 1827 ஏப்ரல் 7-ஆம் நாள் அதன் முதல் விற்பனை அவருடைய கடைக் கணக்கேட்டில் பதிவானது என்பதும் உறுதியான செய்திகள். ஐம்பது குச்சிகள் கொண்ட பெட்டி ஒரு ஷில்லிங். பெட்டியோடு ஒரு துண்டு உப்புத்தாளும் தரப்படும். அதை இரண்டாக மடித்து, இடையில் குச்சியை வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். அவர் இதற்குக் காப்புரிமை கோரவில்லை.

ஆனால் கதை இங்கே தொடங்குவதாக நான் கருதவில்லை. 1669-இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிங் பிராண்ட் என்பவர், பொன் செய்யும் ஆசையில், மனிதச் சிறுநீரைப் பெருமளவில் சேர்த்து, வற்றக் காய்ச்சி, எஞ்சிய வண்டலைக் கடுஞ்சூட்டில் வாட்டினார். பொன் கிடைக்கவில்லை. இருட்டில் தானாக ஒளிரும், மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது, அதுவே பாஸ்பரஸ். 1680-இல் இராபர்ட் பாயில் அதைக் கொண்டு, நுனியில் கந்தகம் பூசிய குச்சியைப் பற்றவைத்தார். அப்படியானால் வாக்கரின் உரசலுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தீக்குச்சி கருக்கொண்டுவிட்டது என்றே நான் சொல்வேன். அன்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 — குடுவை

ஐயா, நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். உங்கள் ஐயம் சரியானது. ஆனால் பிராண்டிலிருந்து வாக்கருக்கு நீங்கள் இழுத்த கோடு நேர்க்கோடு அன்று. வாக்கரின் குச்சியில் பாஸ்பரஸ் ஒரு துளியும் இல்லை. ஆன்டிமனி சல்பைடு, பொட்டாசியம் குளோரேட், இரண்டையும் பிணைக்கப் பிசின், குச்சியின் மேல் கந்தகப் பூச்சு ஆகியவையே அவருடைய மருந்து. எரியக்கூடிய சல்பைடுக்கு ஆக்சிஜனை அள்ளித் தருவது குளோரேட்டின் வேலை. உராய்வின் சூடு அந்த இரண்டையும் மோதவிடுகிறது.

குளோரேட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. 1805-இல் பாரிஸில் ழான் ஷான்செல் என்பவர் குளோரேட்டும் சர்க்கரையும் கந்தகமும் கலந்து குச்சியின் தலையில் பூசி, அதைக் கந்தக அமிலத்தில் தோய்த்துப் பற்றவைத்தார். விளக்கு ஏற்றுவதற்காக மனிதர்கள் ஒரு குப்பி அமிலத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1823-இல் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்னும் வேதியியல் பேராசிரியர் வேறு வழி கண்டார். துத்தநாகத்தை அமிலத்தில் இட்டு ஹைட்ரஜனை எழுப்பி, அதைப் பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது பாய்ச்சினால் பிளாட்டினம் சூடேறிச் சிவந்து வாயுவைப் பற்றவைக்கும். மேசையில் வைக்கும் பற்றுவிளக்காக அது விற்பனைக்கும் வந்தது. உரசும் தீக்குச்சியைவிட லைட்டர் மூன்று ஆண்டுகள் மூத்தது என்று வகுப்பில் நான் சொல்லும்போது மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

எனவே என் கருத்து இது. குச்சியில் கலவை ஒட்டிக் காய்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் குளோரேட்டும் ஆன்டிமனி சல்பைடும் ஒரே பாத்திரத்தில் இருந்தது தற்செயல் அன்று. எளிதில் பற்றும் கலவையைத் தேடிக்கொண்டிருந்தவருடைய பாத்திரத்தில்தான் அவை இரண்டும் சேர முடியும்.

பாஸ்பரஸ் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது. வாக்கரின் குச்சியைப் பின்பற்றி லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் ‘லூசிஃபர்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அவற்றைப் பற்றவைக்க அழுத்தி உரச வேண்டும். பற்றும்போது பொறி சிதறும், நாற்றம் எழும். 1830-ஐ ஒட்டிப் பிரான்சில் ஷார்ல் சோரியா ஆன்டிமனிக்குப் பதிலாக வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். அதன் பிறகு சுவர், செருப்பின் அடி, மேசை விளிம்பு என எதில் உரசினாலும் குச்சி மென்மையாகப் பற்றியது. உலகம் முழுவதும் பரவியது இந்தக் குச்சிதான்.

பதிவு 3 — பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வழக்கில் இது நெருப்புப்பெட்டி, நெருப்புக்குச்சி. சீனாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்பதால் ஒரு குறிப்பு. பத்தாம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில், நுனியில் கந்தகம் தோய்த்த சிறு பைன் குச்சிகளைப் பற்றிய செய்தி இருக்கிறது. இரவில் அவசரமாக விளக்கு ஏற்ற நேர்ந்தால், அடுப்புக் கங்கில் அதைத் தொட்டவுடன் சுடர் எழும். அதற்கு ‘ஒளி கொணரும் அடிமை’ என்று ஒருவர் பெயர் வைத்தார். பிற்பாடு ‘ஓரங்குல நெருப்பு’ என்ற பெயரில் கடைகளிலே விற்றார்கள். அந்தக் குச்சி நெருப்பைப் பிறப்பிக்காது. கங்கிலிருந்து சுடருக்குக் கொண்டு செல்லும், அவ்வளவுதான். நெருப்பையே பிறப்பிக்க நம் முன்னோர் கடைந்த கோலுக்குச் சங்கப் பாடல்களில் ஞெலிகோல் என்று பெயர். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே குச்சியில் சேர்த்ததே வாக்கரின் சாதனை என்பது என் எண்ணம்.

பதிவு 4 — அகல்விளக்கு

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு அறிவியல் கதைகள் சொல்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, தற்செயல் கதைகளுக்காக வாதாட வேண்டும் என்று தோன்றுகிறது. 1945-இல் ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர், இயங்கிக்கொண்டிருந்த ரேடார் மின்குழலுக்கு அருகில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அடுத்து மக்காச்சோளத்தை அதன் முன்னால் வைத்துப் பொரியச் செய்தார். நுண்ணலை அடுப்பு உருவாயிற்று. இந்தக் கதையைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறது. அடிமட்ட உண்மைகள் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டினால் அந்தப் பிள்ளை மறுவாரம் வராது. கதை ஒரு வாசல். வாசலின் அளவைப் பார்த்து வீட்டைக் குறை சொல்ல வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 5 — குடுவை

உங்கள் பணியை மதிக்கிறேன். ஆயினும் அதே பெர்சி ஸ்பென்சரையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கல்வியை முடிக்காதவர் அவர். தாமே படித்து, அந்த ரேடார் மின்குழலைப் பெருமளவில் செய்யும் முறையை வகுத்து, அந்தத் துறையின் முன்னணி வல்லுநர்களில் ஒருவராக உயர்ந்திருந்தார். மின்குழலுக்கு அருகில் வெப்பம் உண்டாவதை அவருக்கு முன்பும் பிறர் உணர்ந்திருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று நின்று கேட்டவர் அவர். 1947-இல் வந்த முதல் அடுப்பு ஆளுயரத்திற்கு, ஏறத்தாழ 340 கிலோ எடையில் இருந்தது. வீட்டுச் சமையலறைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. மிட்டாய் உருகியதைச் சொல்லும் அதே மூச்சில், பள்ளியை விட்ட ஒரு சிறுவன் எப்படி அந்த இடத்திற்கு வந்து சேர்ந்தான் என்பதையும் சொன்னால் பிள்ளை இன்னும் நிமிர்ந்து உட்காரும் அல்லவா?

பதிவு 6 — வைப்பாற்றங்கரை

குடுவை அம்மையாரின் திருத்தத்தை ஏற்கிறேன். பாஸ்பரஸையும் வாக்கரையும் ஒரே கோட்டில் வைத்தது என் தவறு.

கண்டுபிடிப்பு நிகழும் நேரத்திற்கும், அது நாம் அறிந்த வடிவத்திற்கு வரும் நேரத்திற்கும் இடையில் உள்ள தொலைவுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவில் உணவை அடைத்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1810-இல். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டப்பாத் திறப்பானுக்குக் காப்புரிமை பெற்றது 1858-இல். இடைப்பட்ட காலத்தில் உளியும் சுத்தியலும் கொண்டுதான் டப்பாவைத் திறந்தார்கள்.

தீக்குச்சியிலும் அப்படித்தான். எங்கு உரசினாலும் பற்றும் குச்சி சட்டைப்பையிலும் பற்றும், எலி கொறித்தாலும் பற்றும். குச்சியின் தலையில் இருந்த இரண்டு பொருள்களைப் பிரித்து, ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தால் போதும் என்ற எண்ணம் சுவீடனில் உதித்தது. 1844-இல் வேதியியல் பேராசிரியர் குஸ்தாவ் எரிக் பாஷ் அதற்கு உரிமை பெற்றார். ஆனால் செலவு மிகுதியானதால் அவருடைய பெட்டி சந்தையில் நிற்கவில்லை. யோன்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். 1855-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய பெட்டிக்குப் பரிசு கிடைத்தது. இன்று நம் அடுப்பங்கரையில் இருப்பது அந்தப் பெட்டியின் வழித்தோன்றல். வாக்கரின் குச்சி அன்று.

பதிவு 7 — கடைவாய்

நான் பல் மருத்துவன். இவ்வளவு பேசிவிட்டுத் தாடைகளைப் பற்றிப் பேசாமல் போவது நியாயம் ஆகாது.

வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி படிந்த கூடங்களில் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் நின்று குச்சிகளுக்கு மருந்து தோய்த்தவர்களுக்கும், பெட்டியில் அடைத்தவர்களுக்கும் முதலில் பல்வலி வரும். சொத்தைப் பல் இருந்தாலோ, பல் பிடுங்கிய புண் இருந்தாலோ நோய் விரைவாக ஏறும். ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். பிறகு கீழ்த்தாடை எலும்பு உயிரிழந்து, துண்டு துண்டாக வெளியே வரத் தொடங்கும். துர்நாற்றத்தால் வீட்டார்கூட அருகில் இருக்க முடியாது. தாடை எலும்பை அறுத்து எடுப்பது ஒன்றே வழி. அதற்குப் பின் கூழ் குடித்து வாழ வேண்டும். 1840-களில் வியன்னா மருத்துவர்கள் இந்த நோயை அடையாளம் கண்டு எழுதிவிட்டார்கள். அதாவது, சோரியாவின் குச்சி வந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் காரணம் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாஸ்பரஸைச் சிறுநீரிலிருந்து எடுப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்டு, விலங்குகளின் எலும்பிலிருந்து எடுக்கும் முறை வந்தது. எலும்பிலிருந்து பிரித்த பொருள், அதைக் கையாண்டவர்களின் எலும்பை அழித்தது. இக்காலத்தில் எலும்புத் தேய்வுக்கும் புற்றுநோய் எலும்பில் பரவும் நிலைக்கும் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் என்னும் மருந்து வகையை உட்கொள்வோர் சிலருக்கு, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போவதை 2003 முதல் மருத்துவர்கள் பதிவு செய்து வருகிறார்கள். அந்த விளைவு மிகச் சிலருக்கே வருகிறது. மருந்தின் பயனோ பெரியது. ஆயினும் முதன்முதலில் அந்த ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்தபோது, படிப்புக் காலத்தில் பழைய நூலில் கண்ட தீக்குச்சித் தொழிலாளர்களின் தாடைப் படங்களே என் நினைவுக்கு வந்தன. அதனால்தான் நோயாளிகளிடம் பல் பிடுங்குவதற்கு முன் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறேன்.

பதிவு 8 — பழஞ்சுவடி

மருத்துவர் ஐயா சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்தக் கதை சென்னைக்கு வந்து சேரும் வழி அங்கே இருக்கிறது.

லண்டனின் கிழக்குப் பகுதியில், போ என்னும் இடத்தில், பிரையன்ட் அண்டு மே நிறுவனத்தின் தீக்குச்சி ஆலை இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். கூலி சொற்பம், அதிலும் பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம், பணிமேசை ஒழுங்காக இல்லாவிட்டால் அபராதம். 1888 ஜூன் 23 அன்று ஒரு சிற்றிதழில் ‘லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’ என்ற கட்டுரை வெளியாயிற்று. தொழிலாளப் பெண்களை நேரில் சந்தித்து அதை எழுதியவர் அன்னி பெசன்ட். ஆம், 1907-இல் பிரம்மஞான சபையின் தலைவராகி, அடையாற்றிலிருந்து தன்னாட்சி இயக்கம் நடத்திய அதே அன்னி பெசன்ட் அம்மையார்தான்.

கட்டுரையில் சொன்னவை பொய் என்று கையொப்பமிடுமாறு நிர்வாகம் தொழிலாளர்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண் பணிநீக்கம் செய்யப்பட்டதும் ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். இங்கே ஒரு நுட்பமான உண்மையைக் கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்யுமாறு சொன்னவர் பெசன்ட் அல்லர். அந்தக் குச்சிகளை வாங்க வேண்டாம் என்று நுகர்வோரிடம் கேட்பதே அவருடைய வழியாக இருந்தது. வெளியேறுவது என்று முடிவு செய்தவர்கள் அந்தப் பெண்களே. அவர் பின்னர் அவர்களோடு நின்று, நிதி திரட்டி, தொழிற்சங்கம் அமைக்கத் துணைபுரிந்தார். இரண்டு வாரங்களுக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது, அபராதங்கள் ஒழிந்தன, சாப்பிடுவதற்குத் தனி இடம் ஒதுக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. விஷம் படிந்த கூடத்திலேயே சோற்றை வைத்து உண்டவர்களுக்கு அது உயிர் காக்கும் சலுகை.

பதிவு 9 — அகல்விளக்கு

பழஞ்சுவடி ஐயா, என் மகள் வீடு பெசன்ட் நகரில் இருக்கிறது. எத்தனையோ முறை அந்தப் பெயர்ப்பலகைகளின் கீழ் நடந்திருக்கிறேன். அந்தப் பெயருக்கும் என் கையில் இருக்கும் தீப்பெட்டிக்கும் தொடர்பு உண்டு என்று இன்றுதான் அறிகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கணப்படுப்புக் கதையோடு நிறுத்தாமல் இதையும் சொல்லப்போகிறேன். ஒரு கேள்வி: பாதுகாப்பான குச்சி 1855-லேயே வந்துவிட்டது என்றால், 1888-இல் ஏன் இன்னும் வெள்ளைப் பாஸ்பரஸைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்?

பதிவு 10 — பழஞ்சுவடி

விலைதான் காரணம். வாங்குவோரின் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பாதுகாப்பான பெட்டியின் பக்கத்தில் வெள்ளைக்குப் பதிலாகப் பூசப்பட்ட சிவப்புப் பாஸ்பரஸ் விலை மிகுந்தது. எங்கு வேண்டுமானாலும் உரசிப் பற்றவைக்கும் வசதியை மக்கள் விட மறுத்தார்கள். 1891-இல் இரட்சணிய சேனை லண்டனில் சிவப்புப் பாஸ்பரஸை மட்டுமே கொண்டு, கூடுதல் கூலி கொடுத்து, ஓர் ஆலையை நடத்திக் காட்டியது. விலைப் போட்டியில் அது பத்தாண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. முன்னே சொன்ன லண்டன் நிறுவனம், தாடை நோய்க்கு ஆளானவர்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக 1898-இல் தண்டம் செலுத்தியது. 1901-இல்தான் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. அதே 1898-இல் பிரான்சில் செவேன், காஹேன் என்னும் இருவர், நச்சில்லாத பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடைக் கொண்டு, எங்கு உரசினாலும் பற்றும் குச்சியைச் செய்துகாட்டினார்கள். வசதி என்று சொல்லப்பட்ட சாக்கும் அத்துடன் தீர்ந்தது.

வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிக்குப் பின்லாந்து 1872-லும் டென்மார்க் 1874-லும் தடை விதித்தன. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. பிரிட்டன் 1908-இல் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் மாற்றுப் பொருளின் உரிமை டயமண்ட் நிறுவனத்திடம் இருந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் 1911-இல் அந்நிறுவனம் அதைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. இந்தியாவில் தடைச் சட்டம் 1913-இல் வந்தது. நோய்க்குக் காரணம் தெரிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து.

பதிவு 11 — கரிசல்மகள்

இந்த இழையை இரண்டு நாள்களாகப் படித்துவருகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா தம் பன்னிரண்டாம் வயதிலிருந்து கண் பார்வை மங்கும் வரை தீப்பெட்டி வேலை பார்த்தவர். வீட்டில் பெட்டி ஒட்டுவார்; ஆபீசுக்குப் போனால் கட்டை அடுக்குவார். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிலகத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். வரிப்பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நுனி சமமாக நிற்கும்படி அடுக்கி, சட்டத்தின் மேல் சட்டமாக ஏற்றி இறுக்குவதே கட்டை அடுக்குதல். அந்தக் கட்டையை முதலில் மெழுகில் முக்குவார்கள். பிறகு மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சி உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அதன் தலையில் மருந்து கூடும் அல்லது குறையும். பெட்டிகளைக் குரோஸ் கணக்கில் எண்ணுவார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கூலியும் அந்தக் கணக்குத்தான்.

சிவகாசிக்குத் தொழில் வந்த விதத்தை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, பல மாதங்கள் தங்கித் தொழில் கற்றுக்கொண்டு, 1923-இல் சிவகாசியில் தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமி அது. காற்றில் ஈரம் குறைவு என்பதால் பயிருக்கு ஆகாத அதே வானிலை, மருந்து தோய்த்த குச்சி காய்வதற்கு வாய்ப்பாக இருந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. மருந்து தெரிந்தவர்கள் மத்தாப்பும் பட்டாசும் செய்யத் தொடங்கினார்கள். அச்சு, பட்டாசு என்று உலகம் அறிந்த சிவகாசி முழுவதும் அந்தச் சிறு குச்சியிலிருந்து முளைத்தது.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். எங்கே படித்தாலும் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கிறது. தொழில் தொடங்கியவர் பெயர் இருக்கிறது. என் அம்மாவைப் போன்றவர்கள் கட்டை அடுக்கியதால்தான் ஐம்பது பைசாவுக்குத் தீப்பெட்டி கிடைத்தது என்பதை ஒருவரும் எழுதுவதில்லை.

பதிவு 12 — வைப்பாற்றங்கரை

அக்கா, முதல் பதிவில் ஏதோ விடுபட்டதாகச் சொன்னேனே, அதை நீங்கள்தான் எழுதிவிட்டீர்கள்.

காலத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். அதுவரை இந்தியா சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தது. 1922-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வருவாய்க்காக இறக்குமதித் தீர்வையைக் குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. பொருளின் விலையைவிடத் தீர்வை கூடுதலாயிற்று. கல்கத்தாவுக்குச் சென்ற அந்த இருவருக்கும் வாசல் திறந்தது இந்தச் சுவரால்தான். சுவீடன் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 1923-இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே வந்து இறங்கியது. திருவொற்றியூரில் அதன் ஆலை இருந்த பகுதிதான் இன்று மெட்ரோ ரயில் நிற்கும் விம்கோ நகர். அந்தச் சுவீடன் குழுமத்தின் தலைவர் ஐவர் குரோய்கர், அரசுகளுக்குக் கடன் கொடுத்து அந்த நாடுகளின் தீக்குச்சி ஏகபோகத்தைப் பெற்றவர். 1932-இல் பாரிஸில் அவர் இறந்தபின் கணக்குகளைப் பார்த்தபோது அந்தப் பேரரசு சரிந்தது. உலகின் பெரும்பகுதித் தீக்குச்சியைக் கையில் வைத்திருந்த ஒரு குழுமத்தை எதிர்த்து, இயந்திரம் இல்லாமல், விரல்களை மட்டும் நம்பி ஒரு வறண்ட வட்டாரம் நின்றது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பதிவு 13 — கடைவாய்

நெஞ்சு நிறையும் இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வருத்தப்பட வேண்டாம். அந்த விரல்களில் பல குழந்தைகளின் விரல்கள். கரிசல்மகள் அம்மையாரின் தாயாரும் பன்னிரண்டு வயதில் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த சிறார்களைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்து, சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. லண்டனின் தாடைகளைப் பேசினோம். நம் பக்கத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

பதிவு 14 — கரிசல்மகள்

மருத்துவர் ஐயா சொல்வது உண்மை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. விடியலுக்கு முன் ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஆள் ஏற்றும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்ததை அம்மா இன்றும் சொல்வார். வேறு வேலை இல்லை, மழை இல்லை என்று காரணமும் சொல்வார். சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். என்னையும் தங்கையையும் மட்டும் கட்டை தொட விடவில்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போன நேரம் முழுவதும் அவர் கூடுதலாக ஒட்டிய பெட்டிதான் எங்கள் படிப்பு.

பதிவு 15 — அகல்விளக்கு

ஞாயிற்றுக்கிழமை கதை சொல்லி முடித்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. நெருப்பு முதலில் பிறப்பது குச்சியிலா, பெட்டியிலா?

பதிவு 16 — குடுவை

பெட்டியில்தான். பக்கப்பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. உரசும்போது எழும் சூட்டில் சிவப்புப் பாஸ்பரஸின் மிகச் சிறிய பகுதி வெள்ளைப் பாஸ்பரஸாக மாறுகிறது. அது காற்றுப் பட்டவுடன் எரிந்து, குச்சித் தலையில் உள்ள குளோரேட்டைத் தூண்டுகிறது. குளோரேட் தரும் ஆக்சிஜனில் கந்தகம் எரிகிறது. அந்தச் சூடு மெழுகை ஆவியாக்க, சுடர் மரத்துக்கு இறங்குகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம். தாடைகளை அழித்த அதே வெள்ளைப் பாஸ்பரஸ் இன்றும் ஒவ்வோர் உரசலிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பிறந்து, அங்கேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது. பெட்டியின் பக்கப்பட்டையை இருட்டில் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

பதிவு 17 — வைப்பாற்றங்கரை

முதல் பதிவின் கீழே திருத்தம் சேர்த்துவிட்டேன். வாக்கரின் குச்சியில் பாஸ்பரஸ் இல்லை என்பது ஒன்று. சீனக் கந்தகக் குச்சி மற்றொன்று. கரிசல்மகள் அக்காவின் பதிவை அப்படியே மேலே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறேன். இழைக்குப் புதிதாக வருகிறவர்கள் கணப்படுப்புக் கதைக்கு முன்னால் அதைப் படிக்கட்டும். அக்கா, அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: மெழுகில் முக்குவதற்கு முன் கட்டையைச் சூடேற்றிக்கொள்வார்களா? சிறு வயதில் பார்த்த நினைவு இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பதிவு 18 — கரிசல்மகள்

கேட்டேன். ஆமாம், சூடான இரும்புத் தகட்டின் மேல் கட்டையை வைத்து எடுத்த பிறகுதான் முக்குவார்கள் என்கிறார். குச்சி குளிர்ந்திருந்தால் மெழுகு உள்ளே இறங்காமல் மேலேயே படிந்துவிடுமாம். அடுக்கிய கட்டை சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டாராம். நுனிகளின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டுவாராம்.